வன்னி என்றொரு சொல்



'கிஃப்ட்' என்றொரு சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அன்பளிப்பு, நன்கொடை என்பது அதன் பொருள் என்று சிறுவர்க்கும் தெரியும். ஜேர்மன் மொழியிலும் இதே எழுத்துக்களோடு இதே சொல் உண்டு. ஆனால் அங்கே அதன் பொருள் நஞ்சு. எங்கள் உறவினர் பலர் இன்று ஜேர்மனியிலே வாழ்கிறார்கள். பிறந்தநாளுக்கு அனுப்பும் பொதியின்மேல் யாரேனும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதிவிட்டால், அங்கே பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை சற்றுத் திகைத்துத்தான் பொதியைப் பிரிக்கும்.

இது தற்செயலான ஒற்றுமை அல்ல. இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். ஆங்கிலத்தின் 'கிவ்', ஜேர்மனின் 'கேபன்' ஆகிய இரண்டும் கொடுத்தலைக் குறிப்பவை. அவற்றோடு உறவுடைய பெயர்ச்சொல்லே 'கிஃப்ட்'. பழைய ஜேர்மன் மொழியிலும் அது கொடுத்தல் என்றே பொருள்பட்டது. கிரேக்கர்கள் மருந்து கொடுக்கும் அளவை 'டோஸிஸ்' என்றார்கள். அதற்கும் கொடுத்தல் என்பதே பொருள். நாங்கள் ஆஸ்பத்திரியில் கேட்கும் 'டோஸ்' அதுதான். அந்தக் கிரேக்க வழக்கைப் பின்பற்றி, ஜேர்மனியரும் மருந்தாகக் கொடுக்கப்படுவதைத் தம் சொல்லால் வழங்கினர். நாளடைவில் மருந்து நஞ்சாயிற்று. பழைய பொருள் ஒரு கூட்டுச்சொல்லில் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. அது 'மிற்கிஃப்ட்', பொருள், சீதனம். சீதனத்துக்குள் அன்பளிப்பும் நஞ்சும் சேர்ந்தே குடியிருக்கலாம் என்பதை அறிய எமது சமூகத்துக்கு ஜேர்மன் அகராதி வேண்டியதில்லை.

இத்தகைய சொற்களைத் தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டும் என்பதும் இல்லை. வவுனியாச் சந்தையில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். 'தாத்தா' என்று ஒரு குரல் கேட்கும். தமிழ்ப் பிள்ளை அழைத்தால் அது பாட்டனாரை. சிங்களப் பிள்ளை அழைத்தால் தகப்பனாரை. முஸ்லிம் பிள்ளை அழைத்தால் மூத்த சகோதரியை. ஒரே ஒலி, திரும்பிப் பார்ப்பவர் மூவர். மூவரும் சரியாகவே திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் காலூன்றி நிற்கும் மண்ணின் பெயருக்கு வருவோம். 'வன்னி' என்பதும் பல வாய்களில் வழங்கும் ஒரு சொல். தமிழர் வன்னி என்கிறோம். சிங்களத்தில் 'வன்னிய' என்பர். குருநாகல் மாவட்டத்தில் 'வன்னி ஹத்பத்துவ' என்றொரு பகுதி உண்டு. 'ஹத்' என்றால் ஏழு. 'பத்துவ' என்பது எங்கள் 'பற்று'தான். பச்சிலைப்பள்ளிப் பற்று, கருநாவற்பற்று என்று நாம் சொல்லும் அதே பற்று. ஆகவே அது வன்னி ஏழு பற்று. அநுராதபுர நகரை ஒட்டி 'வன்னியன்குளம' என்ற இடம் இருக்கிறது. அதன் பொருளைத் தமிழர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பானைப் பகுதியில் வாழும் வேடர்கள் தம்மை 'வன்னியல எத்தோ' என்கிறார்கள்; காட்டில் வாழ்வோர் என்பது அதன் கருத்து. ஆக, இந்தத் தீவிலே தமிழர், சிங்களவர், வேடர் என மூன்று சமூகத்தார் தத்தம் முறையில் வைத்திருக்கும் சொல் இது.

இதன் வேர் எது? மூன்று விடைகள் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. மூன்றையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் விடை, நெருப்பு. வடமொழியில் 'வஹ்நி' என்றால் தீ. அது தமிழில் வன்னியாகும். 'சிஹ்ந' என்ற வடசொல் தமிழில் 'சின்னம்' ஆனதை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாற்றங்களும் ஒரே தடத்தில் நடந்தவை. வன்னிமரத்துக்கும் இதனால்தான் அந்தப் பெயர் என்பர். வேள்வித் தீயைக் கடைந்தெடுக்கும் அரணிக் கட்டையோடு தொடர்புடைய மரம் அது. விருத்தாசலத்தில் அது தலவிருட்சம். பாண்டவர் அஞ்ஞாதவாசத்தின்போது தம் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரமும் அதுவே. விஜயதசமியன்று எங்கள் கோயில்களில் நடக்கும் மானம்பூ விழாவின் வாழை வெட்டிலும் வன்னியின் நினைவு இருக்கிறது. தமிழ்நாட்டு வன்னியர் சமூகத்தாரும் தம் முன்னோர் வேள்வித் தீயில் தோன்றியவர் என்று புராணம் வைத்திருக்கிறார்கள்.

இந்த 'வஹ்நி'க்கு உள்ளே இன்னொரு சுவையான செய்தி உண்டு. அதன் வேர் 'வஹ்'. சுமந்து செல்லுதல் என்பது பொருள். தேவர்களுக்கு அவியைச் சுமந்து செல்பவன் ஆதலால் தீக்கு அந்தப் பெயர். வாகனம் என்பதும் அதே வேரில் பிறந்தது. ஜேர்மன் மொழியில் வண்டிக்கு 'வாகன்' என்று பெயர். 'வொக்ஸ்வாகன்' என்ற காரின் பெயரில் நாம் அதைக் கேட்டிருக்கிறோம். வழி என்பதற்கு அவர்கள் 'வேக்' என்பர். ஆங்கிலேயர் 'வே' என்பர். இவையெல்லாம் ஒரே ஆதிவேரின் கிளைகள் என்பது மொழியியலாளர் ஒப்புக்கொண்ட முடிவு. அப்படியானால், வன்னி தீயிலிருந்து வந்த பெயர் என்று கொண்டால், ஏ-9 வீதியின் 'வே'யும் அதில் ஓடும் வாகனமும் அந்த வீதி ஊடறுக்கும் வன்னியும் தூரத்து உறவினர் ஆகிவிடுகின்றன.

இரண்டாவது விடை, காடு. 'வந' என்றால் காடு. அதிலிருந்து 'வந்ய', காட்டுக்குரியது. 'கந்யா' தமிழில் கன்னியானதுபோல, 'அந்ய' அன்னியம் ஆனதுபோல, 'வந்ய' வன்னியாகலாம். சிங்களத்திலும் வேடர் வழக்கிலும் காட்டுப்பாங்கான நாடு என்ற பொருளே ஓங்கி நிற்பதால் இந்த விடைக்கு வலு அதிகம். சூளவம்சத்தில், கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பின் 13 ஆம் நூற்றாண்டில் தம்பதெனியாவில் ஆட்சியமைத்த மூன்றாம் விஜயபாகு, வன்னி அரசர்களோடு சேர்ந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. பாளி மொழியில் 'கந்யா' என்பது 'கஞ்ஞா' என்றும், 'புண்ய' என்பது 'புஞ்ஞ' என்றும் மாறும். 'வந்ய' நேராகப் பாளிக்குப் போயிருந்தால் 'வஞ்ஞ' என்று ஆகியிருக்கவேண்டும். ஆனால் அந்த நூல் 'வன்னி' என்றே எழுதுகிறது. மக்கள் வாயில் அன்று வழங்கிய ஒரு சொல்லையே அந்தப் பிக்கு காதால் கேட்டு எழுதினார் என்று எண்ண இடமிருக்கிறது.

மூன்றாவது விடை, வன்மை. வன்பால் என்றால் இறுகிய நிலம். 'வன்' என்ற அடியிலிருந்து வன்னி பிறக்குமா என்றால், பிறக்கும். பொன்னிலிருந்து பொன்னி பிறக்கவில்லையா? நெற்றி வியர்வை நிலத்தில் விழ இந்த மண்ணைக் கொத்தியவர்களைக் கேட்டால், மற்ற இரண்டு விடைகளையும் தள்ளிவிட்டு இதையே சரியென்பார்கள்.

நேயர்களே, இப்போது நாம் நிற்கும் இடத்தைப் பாருங்கள். தீ என்ற கட்சிக்குச் சின்னம் சாட்சி சொல்கிறது. காடு என்ற கட்சிக்குக் கன்னி சாட்சி சொல்கிறாள். வன்மை என்ற கட்சிக்குப் பொன்னி சாட்சி சொல்கிறாள். மூன்று சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. ஒலிமாற்ற விதிகள் மூன்று வழிகளையும் திறந்தே வைத்திருக்கின்றன. ஆகவே இலக்கணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. சொல்லை யார், எப்போது, எதற்காக வழங்கினார்கள் என்று பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. ஒவ்வொரு விடையும் ஒவ்வொருவருடைய நோக்கிலிருந்து வந்தது. தீயில் பிறந்தோம் என்பது ஆளுகின்றவன் தன் குலத்துக்குத் தேடிக்கொள்ளும் பெருமை. காடு என்பது தலைநகரில் இருந்துகொண்டு பார்ப்பவனின் சொல். அநுராதபுரத்திலோ கண்டியிலோ நல்லூரிலோ இருந்து பார்த்தால் இடையில் தெரிவது காடுதான். வன்மை என்பது நிலத்தில் நிற்பவனின் அனுபவம்.

இதற்கிடையில் வன்னியன் என்பது ஒரு பதவிப் பெயராகவும் இருந்தது. அரசர்களுக்கு அடங்கியும் அடங்காமலும் எல்லைநாடுகளை ஆண்ட தலைவர்களின் பட்டம் அது. சோழ நாட்டிலும் இருந்தது. திருகோணமலையில் கோணேசர் கல்வெட்டு 'வன்னிபம்' என்று குறிப்பதும் அதுவே. மட்டக்களப்பில் வன்னிமை என்றும் வழங்கியது. நுவரகலாவியவின் சிங்களத் தலைவர்களும் 'வன்னி உன்னஹே' என்று அழைக்கப்பட்டனர். தமிழ்த் தலைவனும் சிங்களத் தலைவனும் ஒரே பட்டத்தைச் சூடியிருந்தார்கள் என்பது, இன்று வரலாறு பேசுவோர் இரு பக்கத்திலும் விரும்பிச் சொல்லாத செய்தி.

எங்கள் வன்னிக்கு 'அடங்காப்பற்று' என்று மறுபெயர் உண்டு. தென்னாட்டிலிருந்து வன்னியர் வந்த கதையைப் பாடும் வையாபாடலில் அந்தப் பெயரைக் காணலாம். கண்டியரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679 இல் தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681 இல் லண்டனில் வெளியிட்ட தன் நூலில், கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடைப்பட்ட தமிழ்நாட்டை ஆண்ட ஒருவனின் பெயரை 'கொய்லாத் வன்னியா' என்று தன் காதுக்கு எட்டியபடி எழுதிவைத்தான். கயிலாய வன்னியனாரே அவர் என்று ஆய்வாளர் கொள்வர். ஒல்லாந்தர் வன்னியரிடம் திறையாக யானை கேட்டார்கள். யானைகள் பெரும்பாலும் பாக்கியிலேயே நின்றன.

அந்த மரபின் கடைசிப் பெயர் பண்டாரவன்னியன். 1803 ஆகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிறிபேர்க் என்ற தளபதி அவனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலேயர் கல் நட்டார்கள். 'வொன்' என்பது ஜேர்மன் மொழிச் சொல். இன்ன இடத்துக்குரியவன் என்று காட்டுவது. எதிரெதிரே நின்ற இருவருமே இடத்தைத் தம் பெயரில் சுமந்தவர்கள். ஒருவனின் பெயரில் இருந்த இடம் எங்கோ ஐரோப்பாவில். மற்றவனின் பெயரில் இருந்த இடம் அவன் காலடியில்.

இனி என் எண்ணத்தைச் சொல்கிறேன். பட்டமாகிய வன்னி தமிழகத்து வழியாலும், காடாகிய வன்னி இந்தத் தீவின் பழைய வழக்காலும் வந்து இங்கே சந்தித்திருக்கவேண்டும். மரத்தின் பெயரால் நாட்டின் பெயர் வந்தது என்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. எங்கள் காட்டை நிறைத்து நிற்பவை பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும். இந்நாட்டவர் மரத்தை வைத்து ஊருக்குப் பெயரிட விரும்பினால் அருகில் நின்ற மரத்தையே வைத்தார்கள். மாங்குளம், புளியங்குளம், விளாங்குளம், கிளிநொச்சி என்ற பெயர்களைப் பாருங்கள். ஒன்றிலும் புராணம் இல்லை. கண்ட மரமும் வெட்டிய குளமுமே இருக்கின்றன.

ஆயினும், தீ, காடு, வன்மை என்ற மூன்று பொருளும் ஒன்றாகக் கூடும் ஒரு தொழில் இங்கே இருந்தது. அது சேனைப் பயிர்ச்செய்கை. காட்டை வெட்டினார்கள், வெட்டியதை வெயிலில் காயவிட்டுத் தீயிட்டார்கள், சாம்பல் படிந்த வன்னிலத்தில் குரக்கனும் வரகும் தூவினார்கள். ஒட்டுசுட்டான் என்ற ஊரின் பெயரே இதற்குச் சான்று. அறுவடை முடிந்து நின்ற ஒட்டைச் சுட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது என்று தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலவரலாறு கூறுகிறது. அகராதிக்காரர் மூன்று சொல்லாகப் பிரித்துவைத்ததை அந்தச் சேனைக்காரன் ஒரே பருவத்தில் செய்து முடித்தான். சேனை என்ற சொல்லும் தனிச்சொத்தல்ல. சிங்களத்தில் அது 'ஹேன'.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் நாட்டில் சொற்பிறப்பு, புலவர்கள் திண்ணையில் இருந்து பேசும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. ஊர்ப்பெயரின் வேர் எந்த மொழி என்று காட்டி, அந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்று வழக்குப் பேசுகிறார்கள். மணலாறு 1988 இல் வெலிஓயா ஆயிற்று. 'வெலி' என்றால் மணல். 'ஓயா' என்றால் ஆறு. பொருள் ஒரு குன்றிமணியும் குறையாமல் அப்படியே மொழிபெயர்க்கப்பட்டது. ஆனால் அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்களிடம் போய், பொருள் மாறவில்லையே என்று சொல்லிப் பாருங்கள். பெயரின் பொருள் வேறு. அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர்களுடைய வாழ்வு வேறு.

எங்கள் பேச்சுவழக்கில் 'உறுதி' என்றால் காணிப் பத்திரம். வன்னியில் பலருக்கு அந்த உறுதி ஒருபோதும் இருந்ததில்லை. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கிடைத்த பெர்மிற்தான் இருந்தது. மலையகத்திலிருந்து 1958 இலும் 1977 இலும் அடிபட்டு வந்து காடு வெட்டியவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தவர்கள் இருந்த காகிதத்தையும் தொலைத்தார்கள். இப்படிக் காகிதம் இல்லாத மக்களுக்குச் சொல்லின் வேரை எடுத்து உறுதியாகக் கொடுக்கலாம் என்ற ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த உறுதி நில்லாது. மேலே நாம் கண்டபடி, ஒரே சொல்லுக்கு மூன்று சாட்சிகள் வருவார்கள். மூவரும் உண்மையே பேசுவார்கள். எதிர்த்தரப்பிலும் ஒரு அகராதி இருக்கும். 2017 இல் கேப்பாப்பிலவு மக்கள் படைமுகாமின் வாசலில் இரவும் பகலும் இருந்து கேட்டது, தாங்கள் வாழ்ந்த வளவை. அந்த ஊர்ப்பெயரின் பகுபத இலக்கணத்தை ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை. வாழ்ந்தோம் என்பதே அவர்களின் உறுதி.

சொல்லின் வேர் கிடக்கட்டும். சொல் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. தேர்தல் ஆணைக்குழுவுக்கு வன்னி என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்கள். கிளிநொச்சி அதற்குள் இல்லை. அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இரணைமடுவின் கரையில் நிற்பவரிடம் நீர் வன்னியர் அல்லர் என்று சொன்னால் அவர் சிரிப்பார். 1995 இலும் 1996 இலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த இலட்சக்கணக்கானோருக்கு வன்னி என்றால் தறப்பாளும் மலேரியாவும், முகம் தெரியாத ஒருவர் இருக்கச் சொல்லிக் கொடுத்த வளவின் ஒரு மூலையும். 2009 க்குப் பின் அதே சொல், பலரால் முழுவதும் சொல்லி முடிக்க இயலாத ஒன்றாகிவிட்டது. இந்தப் பொருள்கள் ஒன்றும் நிகண்டில் இல்லை. கொடை நஞ்சானதற்கு ஜேர்மன் மொழிக்குப் பல நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. எங்கள் சொல்லுக்கு ஒரு தலைமுறைக்குள்ளேயே இவ்வளவும் நேர்ந்தது.

நிறைவாக ஒன்று. ஜேர்மன் மொழியில் 'வன்' என்ற ஒலியுடைய ஒரு சொல் உண்டு. எப்போது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தின் 'வென்' அதற்கு உடன்பிறப்பு. எங்கள் வன்னிக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை, முழுத் தற்செயல். ஒலி ஒத்திருந்தால் உறவென்று துள்ளுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். என்றாலும், அங்கே வளரும் பிள்ளைகள் வீட்டில் வன்னி என்ற சொல்லைக் கேட்கும்போது அவர்களின் காதில் முதலில் விழுவது அந்தக் கேள்வியாகவும் இருக்கலாம். அவர்கள் கேட்டால், வேர் எதுவென்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் நீங்கள் இருந்த வீடு எது, குளம் எது, அயலில் இருந்தவர் யார் யார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சிங்கள அயலவர் இருந்திருந்தால் அவர் பெயரையும், முஸ்லிம் வியாபாரி வந்திருந்தால் அவர் பெயரையும் விடாமல் சொல்லுங்கள். அந்தச் சொல் அவர்கள் வாயிலும் இருந்ததுதான்.